கிளையை வெட்டாத ஆய்வாளர்: மால்கம் ஸ்டெர்னின் வம்சாவளித் தொகுப்பு இணையத்தில், ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் குடியேறிய தொடக்ககால யூதக் குடும்பங்களைத் தேடிப் போகிற எவரும், எந்தப் பாதையில் புறப்பட்டாலும், ரபி (யூத மதகுரு) மால்கம் ஸ்டெர்னின் பக்கங்களுக்கு வந்து சேராமல் இருக்க முடியாது. 1654 முதல் 1988 வரை நீளும் 600 வம்சாவளிகளை அவர் ஒரே தொகுப்பாக்கினார். அந்தத் தொகுப்பை, ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் இயங்கும் அமெரிக்க யூத ஆவணக் காப்பகம் தன் இணையதளத்தில் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கிறது. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, சந்தா கட்ட வேண்டியதில்லை. குடும்பப் பெயரைத் தேடி எடுத்தால் அச்சுப் பக்கம் அப்படியே திரையில் விரிகிறது. இந்தச் சேவையைப் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் அதன் நிறைகுறைகளை எழுதவே இந்த மதிப்புரை. ஆனால் இதன் நிறைகளும் குறைகளும் ஒரு தனிமனிதர் பல பத்தாண்டுகள் எடுத்த முடிவுகளிலிருந்து பிறந்தவை. ஆகவே அவருடைய வாழ்க்கையை நினைவுகூராமல் இதை மதிப்பிடுவது அரைகுறையாகவே முடியும்.

ஸ்டெர்ன் 1915-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். சின்சினாட்டியின் ஹீப்ரூ யூனியன் கல்லூரியில் பயின்று 1941-இல் சீர்திருத்த யூத மரபின் ரபியாக அருட்பொழிவு பெற்றார்; உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் சமயப் பணியாளராகச் சேவை செய்தார். 1947 முதல் 1964 வரை வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் ஓஹெஃப் ஷாலோம் தொழுகைக்கூடத்தின் ரபியாக இருந்தார். அதே 1947-இல்தான் வரலாற்றாசிரியர் ஜேக்கப் ரேடர் மார்க்கஸ் அமெரிக்க யூத ஆவணக் காப்பகத்தைச் சின்சினாட்டியில் நிறுவினார். ஐரோப்பிய யூத சமூகங்கள் தங்கள் ஏடுகளோடும் கல்லறைகளோடும் அழிக்கப்பட்டதை உலகம் அப்போதுதான் முழுமையாக அறிந்துகொண்டிருந்தது. அமெரிக்கச் சமூகம் தன் ஆவணங்களைத் தானே சேர்த்துக் காக்க வேண்டும் என்ற அவசரம் மார்க்கஸுக்கு இருந்தது. அந்தக் காப்பகத்தின் வம்சாவளி ஆய்வாளர் என்ற பொறுப்பை ஸ்டெர்ன் ஏற்றார். ஒரு நகரச் சபையின் திருமணங்கள், அடக்கங்கள், ஓய்வுநாள் உரைகள் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே, மீதமிருந்த நேரத்தில் அவர் இறந்தவர்களின் திருமணங்களையும் அடக்கங்களையும் தேடித் தொகுத்தார். தொகுப்பின் முதல் பதிப்பு 1960-இல் வெளிவந்தது. விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1978-இலும், மூன்றாம் பதிப்பு 1991-இலும் வந்தன. 1994-இல் அவர் காலமானார். இன்று நாம் இருந்த இடத்திலிருந்தே பார்க்கும் இந்த இணைய வடிவத்தை அவர் பார்க்கவில்லை.

தொகுப்பின் எல்லை தெளிவானது: 1840-க்கு முன் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த யூதக் குடும்பங்கள், அவர்களின் வழித்தோன்றல்கள், முடிந்தவரை இன்றுவரை. 1654 என்ற தொடக்க ஆண்டு, பிரேசிலின் ரெசிஃபே துறைமுகத்தைப் போர்ச்சுகீசியர் டச்சுக்காரரிடமிருந்து மீட்டபோது அங்கிருந்து வெளியேறிய 23 யூதர்கள் நியூ ஆம்ஸ்டர்டாமில், அதாவது இன்றைய நியூயார்க்கில், கரையேறிய ஆண்டு. அதன் பிறகு நியூபோர்ட், ஃபிலடெல்ஃபியா, சார்ல்ஸ்டன், சவானா என்று கடற்கரை நகரங்களில் சிறு சிறு சமூகங்கள் தோன்றின. இவற்றின் வழிபாட்டு முறை ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செஃபார்டிய முறை. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே உறுப்பினர்களில் பெரும்பாலோர் மத்திய, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெநாசியர். ஒரே தொழுகைக்கூடத்தில் இரு மரபினரும் கலந்து, ஒருவர் வீட்டில் ஒருவர் பெண்ணெடுத்து, ஓரிரு தலைமுறைகளில் யார் எந்த மரபு என்று பிரிக்க முடியாத பின்னல் உருவானது. அந்தப் பின்னலை அவிழ்த்துக் காட்டுவதுதான் ஸ்டெர்னின் தொகுப்பு.

இந்தச் சேவையின் மதிப்பு முழுவதும் ஒரு முடிவில் அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். முதல் பதிப்புக்கு ஸ்டெர்ன் வைத்த தலைப்பு யூத வழிவந்த அமெரிக்கர்களைப் பற்றிப் பேசியது. யூதர்களாகவே இருந்த அமெரிக்கர்கள் என்று அது வரம்பு கட்டவில்லை. ஒரு பெண் கிறித்தவரை மணந்துகொண்டு வெளியேறினால், ஒரு மகன் திருமுழுக்குப் பெற்றுக்கொண்டால், பழைய குடும்ப ஏடுகள் பலவற்றில் அவர்கள் பெயர் அத்தோடு நின்றுவிடும். ஸ்டெர்ன் அந்தக் கிளையைத் தொடர்ந்தார். வெளியேறியவரின் கணவரையோ மனைவியையோ எழுதினார், பிள்ளைகளை எழுதினார், பேரப்பிள்ளைகளை எழுதினார். சமயத்தின் எல்லையைக் காப்பது ரபியின் கடமைகளில் ஒன்றாகக் கருதப்பட்ட காலத்தில், ஒரு ரபியே இதைச் செய்தார் என்பதை நாம் எளிதாகக் கடந்து போய்விடக் கூடாது. யூதச் சட்டப்படி யூத அடையாளம் தாய்வழியில் செல்வது. வரலாற்று ஆசிரியருக்கோ தந்தை வழியும் வேண்டும், விட்டுப்போன வழியும் வேண்டும். இரண்டு பொறுப்புகளையும் ஒருவரே சுமந்தபோது, தொகுப்பைப் பொறுத்தவரை அவர் வரலாற்றின் பக்கம் நின்றார்.

இதன் விளைவு என்ன என்பதை ஃப்ராங்க்ஸ் குடும்பத்தின் பக்கத்தைத் திறந்தால் பார்க்கலாம். நியூயார்க்கின் பெருவணிகர் ஜேக்கப் ஃப்ராங்க்ஸின் மனைவி அபிகெயில், லண்டனில் இருந்த மகன் நாஃப்தலிக்கு எழுதிய கடிதங்கள் குடியேற்றக் காலத்து யூதப் பெண்ணொருவரின் அரிய ஆவணமாக எஞ்சியிருக்கின்றன. அவருடைய மகள் ஃபிலா 1742-இல் ஆலிவர் டிலான்சி என்ற கிறித்தவரை ரகசியமாக மணந்துகொண்டு, சில மாதங்கள் அதை மறைத்தபடி தாய்வீட்டிலேயே இருந்தார். செய்தி வெளிவந்தபோது அபிகெயில் உடைந்துபோனார். மகளைப் பார்க்கவே மறுத்தார். அடுத்த ஆண்டே மகன் டேவிட் ஃபிலடெல்ஃபியாவில் மார்கரெட் எவன்ஸ் என்ற கிறித்தவப் பெண்ணை மணந்தார். அந்தத் தாய் முகம் பார்க்க மறுத்த மகளின் கிளை ஸ்டெர்னின் வரைபடத்தில் அதன் உரிய இடத்தில் இருக்கிறது. வம்சாவளி ஆய்வாளனின் அறம் இதுதான் என்று எனக்குப் படுகிறது: வீட்டார் மூடிய கதவை அவன் மூடக் கூடாது, திறந்துவிட்டதாகப் பெருமைப்படவும் கூடாது, பெயரை எழுதிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

இந்த முடிவால் வரலாற்றறிவுக்கும் பெரிய இலாபம் கிடைத்தது. 1776-க்கும் 1840-க்கும் இடைப்பட்ட காலத்தில் யூதர்கள் பங்குபெற்ற திருமணங்களைத் தன் தரவுகளிலிருந்து ஸ்டெர்ன் கணக்கிட்டபோது, அவற்றில் 28.7 விழுக்காடு சமயக் கலப்பு மணங்கள் என்று தெரிந்தது. அமெரிக்க யூத வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் திரும்பத் திரும்ப எடுத்தாளும் எண் இது. கலப்பு மணம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முளைத்த சிக்கல் என்று பலரும் எண்ணியிருந்த நேரத்தில், குடியரசு பிறந்த காலத்திலேயே நான்கில் ஒன்றுக்கும் மேல் அப்படித்தான் இருந்தது என்பதை அவர் காட்டினார். வெளியேறியவர்களைத் தொகுப்பிலிருந்து நீக்கியிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கவே வழி இருந்திருக்காது.

இனி, சேவை நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதற்கு வருகிறேன். தளத்தில் குடும்பப் பெயர்கள் அகரவரிசையில் உள்ளன. ஒரு பெயரைத் தேர்ந்தால் அந்தக் குடும்பத்தின் அச்சுப் பக்கம் பி.டி.எஃப். கோப்பாகத் திறக்கும், பக்கத்துக்கு ஒரு கோப்பு. குடும்பத்தின் மூதாதை பக்கத்தின் ஓரத்தில் தொடங்க, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கோடுகளால் இணைக்கப்பட்டு விரிந்து செல்கிறார்கள். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் ஆண்டும் இடமும் கிடைத்த அளவுக்குத் தரப்பட்டுள்ளன. மணமுடித்த குடும்பம் தொகுப்பில் வேறிடத்தில் இருந்தால் அங்கே செல்லக் குறிப்பு உண்டு. பெரிய அளவு அச்சுப் பக்கம் என்பதால் கைபேசித் திரையில் படிப்பது துன்பம். கணினியில் பெரிதாக்கிப் படிப்பதோ அச்செடுத்து மேசையில் விரித்துக்கொள்வதோதான் வசதி. நான் அச்செடுத்தே படிக்கிறேன். விரலை வைத்துக் கோட்டைத் தொடர்ந்து போகும்போதுதான் தலைமுறைகளின் நீளம் பிடிபடுகிறது.

படிக்கப் பழகுவதற்கு ஃபிலிப்ஸ் குடும்பத்தைவிட நல்ல பக்கம் இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்து ஃபிலடெல்ஃபியாவில் வணிகராக நிலைத்த ஜோனஸ் ஃபிலிப்ஸுக்கும் அவர் மனைவி ரெபெக்கா மெண்டெஸ் மச்சாடோவுக்கும் 21 பிள்ளைகள். பிள்ளைகளில் பலர் இளமையிலேயே இறந்தார்கள். எஞ்சியவர்களின் கிளைகள் நகரங்கள்தோறும் பரவின. அவர்களின் மகள் ஒருத்தியின் மகன் மொர்டெகாய் மானுவேல் நோவா, பத்திரிகையாளரும் நாடக ஆசிரியருமாகப் புகழ்பெற்றவர். இன்னொரு மகளின் மகன் உரையா ஃபிலிப்ஸ் லெவி, அமெரிக்கக் கடற்படையின் அதிகாரி. தாமஸ் ஜெஃபர்சனின் மொண்டிசெல்லோ மாளிகை சிதைந்துகொண்டிருந்தபோது 1834-இல் அதை வாங்கிக் காத்தவர். வரலாற்று நூல்களில் தனித்தனி அத்தியாயங்களில் சந்திக்கும் இந்த இருவரும் பெரியம்மா, சித்தி பிள்ளைகள் என்பது வரைபடத்தைப் பார்த்த கணத்தில் கண்ணில் படுகிறது.

நேதன், செய்க்சாஸ் குடும்பங்களின் பக்கங்கள் இன்னும் நுணுக்கமானவை. நியூயார்க் ஷெயரித் இஸ்ரயேல் சபையை அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் வழிநடத்திய கெர்ஷோம் மெண்டெஸ் செய்க்சாஸின் உறவினர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்டவர்கள். சமூகம் சிறியது, தகுதியான மணமக்கள் குறைவு. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே தேடினார்கள். அதனால் ஒரே மூதாதை ஒருவருக்கு இரண்டு, மூன்று வழிகளில் பாட்டனாராக வருவதைப் பார்க்கலாம். கவிஞர் எம்மா லாசரஸும் உச்ச நீதிமன்ற நீதிபதி பெஞ்சமின் கார்டோசோவும் தாய்வழியில் இந்த நேதன் குடும்பத்தவர்கள்தாம். இத்தகைய பின்னலை மென்பொருள் இல்லாத காலத்தில், அட்டைகளும் கடிதங்களும் மட்டுமே துணையாக, ஒருவர் முரணில்லாமல் தாளில் இறக்கி வைத்தார் என்பதை எண்ணும்போது மரியாதை பெருகுகிறது.

சிக்கல்களையும் சொல்ல வேண்டும். முதலாவது பெயர்கள். செஃபார்டியர் உயிரோடிருக்கும் பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடுவார்கள். அஷ்கெநாசியர் இறந்துபோன உறவினரின் பெயரை மட்டுமே இடுவார்கள். இரு மரபும் கலந்த சமூகத்தில், ஒரே நகரில் ஒரே காலத்தில் ஒரே பெயரோடு பலர் நடமாடினார்கள். லெவி, கோஹென் போன்ற பெயர்கள் கோயில் பணிக்குலங்களிலிருந்து வந்தவை என்பதால், அவை ஒன்றாக இருப்பதைக் கொண்டு உறவு என்று முடிவு செய்ய முடியாது. ஸ்டெர்ன் ஒரே பெயருள்ள, தொடர்பில்லாத குடும்பங்களைத் தனித்தனிப் பக்கங்களாகப் பிரித்திருக்கிறார். புதிதாக வருபவர் முதல் பக்கத்திலேயே தன் ஆளைக் கண்டுவிட்டதாக எண்ணி நின்றுவிடக் கூடாது. அந்தப் பெயரின் எல்லாப் பக்கங்களையும் புரட்டிவிட்டே முடிவுக்கு வர வேண்டும்.

இரண்டாவது தேதிகள். பிரிட்டனின் குடியேற்றங்களில் 1752 வரை புத்தாண்டு மார்ச் 25-இல்தான் தொடங்கியது. ஆகவே ஜனவரி, பிப்ரவரி நிகழ்வுகளுக்கு ஓராண்டு வேறுபாடு வருவது இயல்பு. எபிரேய ஆண்டோ இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது. கல்லறைக் கல்லில் மாதம் தேய்ந்து ஆண்டு மட்டும் எஞ்சியிருந்தால் அதைப் பொது ஆண்டாக மாற்றும்போது இரண்டு விடைகள் கிடைக்கும். தொகுப்பில் ஓர் ஆண்டு, நீங்கள் கண்ட ஆவணத்தில் அடுத்த ஆண்டு என்றால், பிழை என்று தீர்ப்பதற்கு முன் இந்த நாள்காட்டி வேறுபாட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட முதன்மையானது: இது இரண்டாம் நிலை ஆதாரம். அதாவது மூல ஆவணங்களைப் பார்த்தவர் ஒருவர் எழுதிவைத்த முடிவு. இந்தத் தொகுப்பில் இருக்கிறது என்பதையே சான்றாகக் கொண்டு இணையத்தில் எண்ணற்ற குடும்ப மரங்கள் வளர்ந்திருக்கின்றன. ஸ்டெர்ன் அவ்வாறு விரும்பியிருக்க மாட்டார். இரண்டு முறை திருத்திப் பதிப்பித்தவர் தன் நூலை முடிந்த நூலாகக் கருதவில்லை என்பது வெளிப்படை. மூல ஆவணங்களை அச்சில் கொண்டுவருவதிலும் அவர் உழைத்தார். சவானாவில் குடியேற்றம் தொடங்கிய 1733-ஆம் ஆண்டிலேயே வந்திறங்கிய யூதர்களைப் பற்றி ஷெஃப்டால் குடும்பத்துத் தந்தையும் மகனும் எழுதிவைத்த நாட்குறிப்புகளை அவர் பதிப்பித்தார். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு முறையாகப் பதிவு செய்யாத காலத்தில், அந்தச் சிறு சமூகத்தின் பதிவேடாக இருந்தவை அந்தக் குறிப்புகள். தொகுப்பில் சவானாக் குடும்பம் ஒன்றைக் கண்டவர் அடுத்த அடியாக இந்த நாட்குறிப்புகளுக்குப் போக வேண்டும். நியூயார்க் குடும்பம் என்றால் ஷெயரித் இஸ்ரயேல் சபையின் குறிப்பேடுகளுக்கும் அதன் பழைய கல்லறைகளுக்கும் போக வேண்டும். எங்கும் பொருந்துபவை உயில்கள், நில ஆவணங்கள், பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

தொகுப்புக்கு வெளியே இருப்பவர்கள்தாம் எண்ணிக்கையில் மிக அதிகம். 1881-இல் ரஷ்யப் பேரரசில் வெடித்த வன்முறைகளுக்குப் பின், 1924-இல் அமெரிக்கா குடியேற்றத்தைக் கடுமையாகச் சுருக்கும் வரை, 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தார்கள். இன்றைய அமெரிக்க யூதர்களில் பெரும்பாலோரின் முன்னோர்கள் இவர்களே. அவர்களுக்கு ஸ்டெர்னின் 600 வம்சாவளிகளில் இடமில்லை. அவர்கள் போக வேண்டிய இடம் ஜூயிஷ்ஜென் என்ற யூத வம்சாவளி இணையதளம். இது 1987-இல் டெக்சஸின் ஹூஸ்டன் நகரில் சூசன் கிங் என்பவர் தொடங்கிய மின் அறிவிப்புப் பலகையாகப் பிறந்து, 2003 முதல் நியூயார்க்கின் யூத மரபு அருங்காட்சியகத்தோடு இணைந்து இயங்குகிறது. பதிவு செய்துகொண்டால் அடிப்படைத் தேடல் இலவசம். ஆண்டுக்கு 100 டாலர் நன்கொடை தருபவர்களுக்குக் கூடுதல் தேடல் வசதிகள் திறக்கும்.

இரண்டு சேவைகளின் குணமும் வேறு. ஸ்டெர்ன் முடிந்த வரைபடத்தைக் கையில் தருகிறார். ஜூயிஷ்ஜென் துண்டுகளைத் தருகிறது, இணைப்பது நம் வேலை. கிழக்கு ஐரோப்பாவில் ஒரே ஊர் ஒரு நூற்றாண்டுக்குள் மூன்று நாடுகளின் ஆட்சியில் மூன்று பெயர்களைத் தாங்கியிருக்கும்; ஊர்ப் பெயரை, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யித்தியத்தின் ஒலியில் மட்டுமே அறிந்த குடும்பத்துக்கு அந்த ஊர் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அதற்கு இத்தளத்தின் ஊர்த் தரவுத்தளம் நான் அறிந்தவற்றில் மிகச் சிறந்த கருவி. குடும்பப் பெயர்களும் அப்படியே. ரஷ்ய எழுத்தில் ஒன்று, போலிய எழுத்தில் ஒன்று, எபிரேயத்தில் ஒன்று என்று எழுதப்பட்டவை ஆங்கிலத்தில் எப்படியும் வரலாம். 1985-இல் கேரி மோகோடாஃபும் ராண்டி டெய்ச்சும் உருவாக்கிய ஒலிக்குறியீட்டு முறை, பெயரை அதன் ஒலியைக் கொண்டு ஆறு இலக்க எண்ணாக மாற்றுகிறது. பழைய அமெரிக்க முறையில் மாஸ்கோவிட்ஸ் என்ற பெயரின் இரண்டு எழுத்துக்கூட்டல்கள் வெவ்வேறு எண்ணாகப் பிரிந்து போகும். இம்முறையில் இரண்டும் ஒரே எண்ணில் சேரும். தரவுகளைச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள் என்பதால் ஊருக்கு ஊர் தரம் மாறுகிறது. ஓர் ஊருக்குத் தொடர்ச்சியான பதிவுகள் இருக்கும், பக்கத்து ஊருக்கு ஒன்றும் இருக்காது; அங்கே ஏடுகள் போரில் எரிந்திருக்கலாம், அல்லது அந்த ஊருக்காக உட்கார்ந்து தட்டச்சு செய்ய இன்னும் ஒருவர் முன்வராமல் இருக்கலாம். தேடல் முடிவில் வருவது அட்டவணை வரியே தவிர ஆவணம் இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

போலந்துப் பகுதி முன்னோர்களுக்கு யூதப் பதிவேடுகளுக்கு அட்டவணை தயாரிக்கும் ஜே.ஆர்.ஐ. போலந்து என்ற தனி அமைப்பு உண்டு. 1995-இல் இதைத் தொடங்கியவர்களில் மொண்ட்ரியாலைச் சேர்ந்த ஸ்டான்லி டயமண்ட் முதன்மையானவர். தன் குடும்பத்தில் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபுக்கூறு இருப்பதை அறிந்து, அதைச் சுமக்கக்கூடிய தூரத்து உறவினர்களை எச்சரிப்பதற்காகவே அவர் வம்சாவளி ஆய்வுக்குள் வந்தார். வம்சாவளி ஆய்வு ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்பேன்.

இவை எல்லாவற்றுக்கும் ஸ்டெர்னோடு தொடர்பு இருக்கிறது. 1977-இல் நியூயார்க்கில் யூத வம்சாவளிச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவனர்களில் அவரும் ஒருவர். அமெரிக்காவில் இத்துறையின் மூத்தவர் என்று அவரை எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். 1840 என்ற எல்லைக்குள் தன் ஆய்வை வைத்துக்கொண்டவர், அதற்குப் பின் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தேடத் தொடங்கியபோது அவர்களுக்குத் துணைநின்றார். யூதர் அல்லாத வம்சாவளி ஆய்வாளர்களிடையேயும் அவருக்குப் பெரிய மதிப்பு இருந்தது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவேடுகளை நுண்படச் சுருளில் பாதுகாக்க ஆய்வாளர்களே பணம் திரட்டும் நிதி ஒன்று அவர் பெயரைத் தாங்கியது. யூத வம்சாவளிச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு புதிய முயற்சிகளுக்கு வழங்கும் நல்கையும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆவணங்களைப் பயன்படுத்துகிறவன் அவற்றைக் காப்பதற்கும் கைகொடுக்க வேண்டும் என்று நம்பியவருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் இல்லை.

காப்பகத்திடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. பக்கங்கள் படக் கோப்புகளாக இருப்பதால், ஒருவர் மணமுடித்துச் சென்ற குடும்பத்துக்கு நேரே தாவ இணைப்பு இல்லை. மீண்டும் அகரவரிசைக்குப் போய்த் தேட வேண்டும். ஸ்டெர்ன் பக்கந்தோறும் கொடுத்த குறுக்குக் குறிப்புகள் அப்படியே இணைப்புகளாக மாறினால் அவருடைய நூல் அவர் நினைத்த வடிவத்தில் முதன்முறையாக இயங்கும். மூன்றாம் பதிப்புக்குப் பின் வெளிவந்த திருத்தங்களையும் கண்டுபிடிப்புகளையும் தனியொரு பகுதியாக, மூலப் பக்கத்தைத் தொடாமல், பக்கத்திலேயே சேர்க்கலாம். 1991-இல் அச்சான நூல் என்பதால் அப்போது உயிரோடிருந்தவர்களின் பெயர்களும் சில கிளைகளின் நுனியில் உள்ளன. அச்சு நூலகத்தில் இருந்தவரை அது பொருட்டில்லை. இணையத்தில் இருக்கும்போது, கேட்டுக்கொள்பவர்களின் பிறந்த தேதியை மறைக்கும் நடைமுறை ஒன்றைக் காப்பகம் தெளிவாக அறிவித்தால் நல்லது.

குடும்பத்தில் லோபெஸ், கோமெஸ், ஹென்ட்ரிக்ஸ், கிராட்ஸ், நோனெஸ் போன்ற பெயர்களோ, சார்ல்ஸ்டன், சவானா, நியூபோர்ட் என்ற ஊர்களின் நினைவோ இருந்தால் முதலில் ஸ்டெர்னின் தொகுப்பைத் திறந்து பாருங்கள். கிறித்தவக் குடும்பமாக அறியப்படும் வீடுகளும் இதைப் பார்க்கலாம், ஏனென்றால் அவர்களுடைய பாட்டியின் பாட்டியும் இதில் இருக்கக்கூடும். கப்பல் பட்டியலில் 1881-க்குப் பிறகு முதலில் தென்படும் குடும்பம் என்றால் ஜூயிஷ்ஜென்னில் தொடங்கி, குடும்பப் பெயரையும் ஊரையும் அங்குள்ள தேடுவோர் பட்டியலில் பதிவு செய்துவிடுங்கள். அதே ஊரைத் தேடும் உறவினர் கடிதம் எழுத அதுவே வழி. ஸ்டெர்னின் பக்கத்தில் பிழையொன்றைக் கண்டால், மூல ஆவணத்தின் படியோடு சின்சினாட்டிக் காப்பகத்துக்கு எழுதுங்கள். அவருடைய தாள்களும் கடிதங்களும் அங்கேதான் இருக்கின்றன.